பின்சுவரின் நிழல்

குருவுக்குத் தாடியும் சீடனுக்குக் குடுமியும் இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. இந்தக் கதையின் குருவுக்கு வயது நாற்பது சொச்சம். பெயர் ஹமீதா. அம்பத்தூரில் ஒரு டயர் கடைக்கு மேலே வாடகை அறை பிடித்து, கட்டடங்களில் மின்சாரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று சனிக்கிழமை மதியங்களில் வகுப்பு எடுத்துவந்தார். சீடர் தாணுமாலயனுக்கு ஐம்பத்தாறு வயது. தலையில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை.

தாணுமாலயன், கடன் கொடுக்கும் ஒரு கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் கட்டடப் பொறுப்பாளர். எட்டு மாடி, நான்கு பக்கமும் கண்ணாடி. லிஃப்டு, மோட்டார், ஏ.சி., ஜெனரேட்டர் எல்லாம் அவர் தலையில். கம்பெனி காற்றில் கலக்கிற கரியைக் குறைக்கப்போகிறோம் என்று எம்.டி. வேதாசலம் ஒரு பெரிய கூட்டத்தில் அறிவித்துவிட்டு வந்தார். அறிவித்தது அவர், குறைக்க வேண்டியது தாணுமாலயன். அதனால்தான் அந்த வயதில் அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

ஹமீதா அதிகம் பேசமாட்டார். எந்த விளக்கு நல்ல விளக்கு என்று ஒருவர் கேட்டபோது, அறையில் எரிந்த விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தார். மீதி வகுப்பு அந்த வெளிச்சத்திலேயே நடந்து முடிந்தது.

ஒரு சனிக்கிழமை தாணுமாலயன் கேட்டார்.

"மேடம், எங்க ஏ.சி. கரண்டை அப்படியே குடிக்குது. என்ன செய்யலாம்?"

"வெளி யூனிட்டெல்லாம் எங்க வச்சிருக்கீங்க?"

"மொட்டை மாடியில."

ஹமீதா தன் குடையை எடுத்து நீட்டினார். "இதைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ ரோட்டுல கொஞ்ச நேரம் நில்லுங்க. அப்புறம் மடக்கிட்டு நில்லுங்க."

தாணுமாலயன் போய் நின்றார். டயர் கடைக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன தெரிஞ்சுது, சார்?"

"நிழல் வேணும், மேடம்."

"மெஷினுக்கும் அவ்வளவுதான்."

அன்றே தாணுமாலயன், கம்பெனிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த தன் அறைச் சுவரில் சாக்பீஸால் எழுதினார்: இயந்திரத்துக்கு நிழல் கொடு. தன்னைவிட வயதில் சிறியவரைக் குருவாக வரித்துக்கொண்டதில் அவருக்குக் கூச்சம் எதுவும் இல்லை. பெருமையாகத்தான் இருந்தது.

நிழல் எங்கே இருக்கிறது என்று கட்டடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பின்சுவரில் இருந்தது. எட்டு மாடியின் நிழலும் காலையிலிருந்து மாலை வரை விழுகிற இடம் அது. கீழே ஒரு சந்து. சந்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடுகள் வரிசையாக இருந்தன. கட்டடம் எழும்பியபோது அந்த வீட்டுக்காரர்கள் தூசியையும் சத்தத்தையும் பொறுத்துக்கொண்டார்கள். கடைசியில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே லாபம் அந்த நிழல்தான். சித்திரை வெயிலில் ஜன்னலைத் திறந்துவைத்துப் பகலில் ஒரு தூக்கம் போட முடிந்தது.

வேலையைத் தொடங்கும் முன் தாணுமாலயன் ஹமீதாவை அழைத்துவந்து இடத்தைக் காட்டினார். இருவரும் அண்ணாந்து சுவரைப் பார்த்தார்கள்.

"நல்ல இடம், சார்," என்றார் ஹமீதா.

இருவருமே அப்போது சந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார்கள்.

யூனிட்டுகள் மாடியிலிருந்து இறங்கிப் பின்சுவரில் ஏறின. கண்ணாடிகளுக்கு வெயில் தடுக்கும் தாள் ஒட்டியது, விளக்குகளை மாற்றியது என்று கல்லில் நார் உரித்ததெல்லாம் சேர்ந்தும் குறையாத மின்சாரம் இதில் குறைந்தது. மார்கழி, தை மாதத்துக் கணக்கை வைத்து எம்.டி. ஊருக்கெல்லாம் சொன்னார். ஒரு விழா எடுத்துத் தாணுமாலயனுக்குச் சால்வை போட்டார்கள். மேடையில் அவர், "எல்லாம் எங்க டீச்சரம்மா சொல்லிக்கொடுத்த ஒரு வார்த்தை" என்றார். முன்வரிசையில் ஹமீதா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

மாசி முடிவதற்குள் கம்பெனி வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். பெயர் செல்லக்கிளி. பின்சந்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறவர்.

"சார், உங்க மிசினு காத்து நேரா என் ஊட்டு ஜன்னல்ல அடிக்குது. காலைல அரைச்ச மாவு மத்தியானத்துக்குள்ள பொங்கிப் புளிச்சுப்போவுது. எவன் வாங்குவான் சொல்லு."

தாணுமாலயன் பின்பக்கம் போய்ப் பார்த்தார். அந்தச் சந்தில் அவர் முகத்தைத் திருப்பி நின்றது அதுதான் முதல் தடவை. நாலைந்து எட்டு வைத்தால் தாண்டிவிடுகிற சந்து. யூனிட்டுகளின் விசிறிகள் அவ்வளவும் எதிர்வீடுகளைப் பார்த்துச் சுழன்றன. சாதம் வடிக்கும்போது முகத்தில் அடிக்கிற ஆவி மாதிரி காற்று அடித்தது.

அவருக்கு மனசு கேட்கவில்லை. எம்.டி.யிடம் போய்ப் பேசினார். வேதாசலம் மோசமான ஆள் இல்லை. உடனே வழி சொன்னார். ஏழைகளுக்குச் செலவழிக்க என்று ஒதுக்கிய பணத்தில் அந்த அம்மாவுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுக்கலாம். நல்ல ரகமாக, குறைந்த கரண்டில் ஓடுவதாகத் தாணுமாலயனே போய்த் தேர்ந்தெடுத்தார். ரிப்பன் கட்டிக் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். செல்லக்கிளி கும்பிட்டார்.

பங்குனியில் மறுபடி வந்தார்.

"மாவு கெட்டுப்போவுதா, அம்மா?"

"மாவு நல்லாத்தான் கீது, சார். ஊட்டுக்காரர்தான் கெட்டுப்போறாரு."

வீட்டுக்காரர் ஏகாம்பரத்துக்குப் பக்கவாதம். கட்டிலை விட்டு எழ முடியாது. அந்த ஒற்றை அறையில் கட்டில் போட ஜன்னலை ஒட்டித்தான் இடம். ஃபிரிட்ஜுக்கு பிளக் இருந்ததும் கட்டிலின் தலைமாட்டில்தான். முன்னால் மாவைக் குளிர வைக்கிற ஃபிரிட்ஜ், உள்ளே எடுத்த சூட்டைப் பின்பக்கமாக அவர் தலையில் விட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் கம்பெனியின் சூடு, மூடினால் ஃபிரிட்ஜின் சூடு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்துவிட்டதே என்று தாணுமாலயன் அங்கேயே தலையில் கைவைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க ஏ.சி.யோடு புழங்கியவருக்கு ஃபிரிட்ஜின் முதுகு சுடும் என்பது ஞாபகம் வரவில்லை. அந்த வெட்கம் அவரைத் தின்றது.

அந்தச் சனிக்கிழமை குருவிடம் போனார்.

"மேடம், யூனிட்டைத் திரும்ப மாடிக்கு ஏத்தினா கரண்டு கூடும், கரியும் கூடும். ஊருக்கே கெடுதல். பின்சுவர்லயே வச்சா அந்தச் சந்து வேகுது. எது சரி?"

ஹமீதா வகுப்பை முடித்துக்கொண்டு அவரோடு கிளம்பி வந்தார்.

செல்லக்கிளி பாய் விரித்தார். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஹமீதா ஃபிரிட்ஜின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். நல்ல இடம் என்று அவர் சொன்ன சுவர். முக்காட்டின் ஓரம் வியர்வையில் நனைந்தது. செல்லக்கிளி ஈரத்துணியால் கணவரின் நெஞ்சைத் துடைத்தார். துணி சீக்கிரமே காய்ந்தது, மறுபடி நனைத்தார்.

ஏகாம்பரத்துக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் அவர் பேசுவது மற்றவர்களுக்குப் புரிந்தது.

"உள்ள எப்பிடி சார் இருக்கும்?"

"எதுக்குள்ளே?"

அவர் கண்ணால் கட்டடத்தைக் காட்டினார்.

"குளிரா இருக்கும். சில பேர் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் உக்காருவாங்க."

"ஸ்வெட்டரா?"

ஏகாம்பரம் பாதி வாயால் சிரித்தார். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. செல்லக்கிளிக்கும் சிரிப்பு வந்தது. தாணுமாலயனுக்கு அழுகைதான் வந்தது.

வெயில் தாழ்ந்த பிறகு ஹமீதாவும் தாணுமாலயனும் அவருடைய அடித்தள அறைக்கு வந்தார்கள். ஹமீதா உட்கார்ந்த நாற்காலிக்குப் பின்னால் சுவரில், பின்சுவர் யூனிட்டுகளுக்கான மெயின் சுவிட்ச் சிவப்புக் கைப்பிடியோடு இருந்தது. அதற்கு மேலே அந்தச் சாக்பீஸ் எழுத்து. தாணுமாலயன் டீ வரவழைத்தார். ஹமீதா எழுத்தைத் திரும்பிப் பார்த்தார்; பிறகு டீயைக் குடித்தார்.

"எது சரி, மேடம்?"

"எம்.டி.கிட்ட கேட்டுப் பாருங்க."

அவர் இவ்வளவு நேரடியாகப் பதில் சொன்னது அதுவே முதல் தடவை. தாணுமாலயனுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கேட்டார்.

"சார், யூனிட்டையெல்லாம் மேல ஏத்திடலாம். இந்த வெயில்ல மிச்சமும் பெருசா இல்ல. விட்ட சூட்டையே திரும்ப இழுத்துக்கிட்டு மெஷினும் திணறுது."

"ஏத்தலாம், தாணு. நான் வேணாம்னா சொல்றேன்?" என்றார் வேதாசலம். "ஆனா கரியைக் குறைச்சதுக்குச் சான்றிதழ் கொடுக்கறவங்க ஜூன்ல வர்றாங்க. சொன்ன கணக்கு அவங்க கண்ணுக்குத் தெரியணும். அதுவரைக்கும் ஒரு நட்டு அசையக்கூடாது. ஜூன் முடியட்டும், நானே கிரேன் பிடிச்சுத் தர்றேன்."

"அந்த வீட்ல ஒருத்தர் படுத்த படுக்கையா இருக்காரு, சார்."

"ஐயோ பாவம். ஒரு நல்ல ஃபேன் வாங்கிக் கொடுத்துருங்களேன்."

அவர் மனசார வருத்தப்பட்டுத்தான் சொன்னார். தாணுமாலயன் தலையாட்டிவிட்டு எழுந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிறவர் பூனைக்கு மணி கட்டப் போகமாட்டார். கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படி இறங்குவார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் தினமும் சந்து வீட்டுக்குப் போனார். டப்பாவை அங்கேயே திறந்து சாப்பிட்டார். விசிறி மட்டையால் ஏகாம்பரத்துக்கு விசிறினார். ஒரு நாள் பேச்சுவாக்கில் ஏகாம்பரம் கேட்டார்.

"ஜூன் எப்போ சார் வரும்?"

"வந்துரும், இந்தா வந்துரும்."

"வந்தா நிறுத்திடுவீங்களா?"

"மேல ஏத்திருவோம். அப்புறம் ஜன்னலைத் திறந்து வச்சுக்கலாம்."

ஏகாம்பரம் தலையை ஆட்டினார். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் தாணுமாலயன் எழுந்து, சந்தைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக உள்ளே போனார். கதவு திறந்ததும் முகத்தில் குளிர் பட்டது. அது சுகமாக இருந்ததற்காக அவர் தன்னையே வெறுத்தார்.

அக்கினி நட்சத்திரத்தில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், ஏகாம்பரம் செத்துப்போனார். செல்லக்கிளி மாவு கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. வந்து பார்த்த டாக்டர் மாரடைப்பு என்றார். வெயில் என்றோ மெஷின் என்றோ ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாணுமாலயனுக்குச் சண்டை போடவாவது, காலில் விழவாவது ஒரு வழி கிடைத்திருக்கும். அதுவும் கிடைக்கவில்லை.

வீட்டுக்குள் இடம் இல்லாததால் உடலைச் சந்தில்தான் வைத்தார்கள். ஆரணியிலிருந்து தம்பி வர வேண்டும், மறுநாள்தான் எடுப்பார்கள். அதனால் ஐஸ் பெட்டி வாடகைக்கு வந்தது. கண்ணாடி மூடி போட்ட பெட்டி. செத்த பிறகு ஏகாம்பரத்துக்கும் கண்ணாடிக்குள்ளே குளிர் கிடைத்தது.

தாணுமாலயன் மாலையோடு வந்தபோது பெட்டிக்காரர் இரைந்துகொண்டிருந்தார்.

"இப்பிடி நெருப்புக் காத்து அடிச்சா என் பெட்டி எப்பிடிங்க தாங்கும்? உள்ள குளுகுளுன்னு ஆக மாட்டேங்குது. மோட்டார் நின்னு நின்னு போவுது. சாயங்காலத்துக்குள்ள பாடி கெட்டுப்போயிடும்."

செல்லக்கிளி பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். தலையைத் தூக்கினார். அவர் குரலில் கோபம் இல்லை.

"இப்பயாவது நிறுத்துவியா, சார்?"

தாணுமாலயன் மாலையை அங்கே இருந்த நாற்காலியில் போட்டுவிட்டு ஓடினார். ஐம்பத்தாறு வயதுக்காரர் வேட்டி தடுக்க, சந்தைச் சுற்றி, முன்வாசல் வழியாக, படி இறங்கி, தன் அறைக்குள் போய்ச் சிவப்புக் கைப்பிடியைக் கீழே இழுத்தார்.

பின்சுவர் அடங்கியது. சந்தில் ஒப்பாரி மட்டும் கேட்டது.

மறுநாள் எடுக்கிறவரை கைப்பிடி கீழேயே இருந்தது. எடுத்த பிறகு தாணுமாலயன் அதை மேலே தள்ளினார்.

அந்தச் சனிக்கிழமை டயர் கடைப் படிகளில் ஏறினார். வகுப்பு முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். ஹமீதா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாணுமாலயன் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். ஹமீதா துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நிறுத்தினப்ப ஆபீஸ்ல என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை, மேடம். வேர்த்துது. ஸ்வெட்டரைக் கழட்டினாங்க. பாதிப் பேர் சீக்கிரமா வீட்டுக்குப் போனாங்க. மீதிப் பேர் விசிறிக்கிட்டே வேலை பார்த்தாங்க."

"எம்.டி.?"

"அக்கம்பக்கத்துல சாவுன்னா நிறுத்த வேண்டியதுதானே, நல்ல காரியம்னு சொன்னாரு."

"நிறுத்தறதுக்கு முன்னால யார்கிட்ட கேட்டீங்க?"

"கேக்கத் தோணலை, மேடம். ஓடிப்போய் இழுத்துட்டேன்."

"இப்ப ஓடுதா?"

"ஓடுது."

"அந்த அம்மா?"

"அங்கதான் இருக்காங்க. ஜன்னலைச் சாத்திட்டு மாவு அரைக்கிறாங்க."

கீழே டயருக்குக் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது.

"நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன், மேடம்," என்றார் தாணுமாலயன். "நிழல் குடுக்கச் சொன்னீங்க, தேடிக் கண்டுபிடிச்சேன். எம்.டி.கிட்ட கேக்கச் சொன்னீங்க, கேட்டேன். தினமும் போய் அவர் பக்கத்துல உக்காந்தேன். இன்னும் என்ன செஞ்சிருக்கணும்? சொல்லுங்க."

ஹமீதா வந்து முன்பெஞ்சில், அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அந்தச் சுவிட்ச் எங்க இருக்கு, சார்?"

"என் ரூம்லதான்."

"சாவு அன்னைக்குத்தான் கொண்டுவந்து வச்சாங்களா?"

தாணுமாலயன் அவரை நிமிர்ந்து பார்த்தார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

ஹமீதா மெதுவாகச் சொன்னார்.

"எனக்கும் தெரியும், சார். அதுக்குக் கீழ உக்காந்துதான் அன்னைக்கு நான் டீ குடிச்சேன்."